ஒன்று நின்றாலும் வேலை ஓடும்

சிவகாசியில் கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் பில் போடும் வேலை என்பார்கள், மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகை டிசைன் என்பார்கள். எம். புதுப்பட்டி பானுப்பிரியாவுக்கு இரண்டுமே கிடைத்தன, இரண்டையும் பார்த்தாள். பாலிடெக்னிக்கில் ஆசை ஆசையாகப் படித்த லினக்ஸ் இயங்குதளத்தைத்தான் யாரும் சீந்தவில்லை. அது ஏதோ சலவை சோப்பின் பெயர் என்று நினைத்த முதலாளிமார் உண்டு. கடைசியில் சீனிவாசகத்தின் அச்சாபீசில் டிசைன் பிரிவில் சேர்ந்தாள்.

சீனிவாசகம் கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். யார் வீட்டுச் சாவுக்கும் மாலையோடு முதல் ஆளாக நிற்பார். ஆனால் நாலு பல்பு எரிகிற இடத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு, 'இப்பவும் கண்ணு தெரியுதுல்லா?' என்று கேட்கிற கை அவருக்கு. அந்தக் கைதான் அவரை முதலாளியாக்கியது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பானுவின் அம்மா சண்முகத்தாய் பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தாள். அப்பா திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவர்தான், திரும்பவில்லை. அதற்கு முன்பிருந்தே அவள் வெடி ஆபீஸ் வேன் ஏறிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் நகக்கண்ணை விட்டுப் போகாது. அவள் குழம்பு ஊற்றுகிற போதெல்லாம் பானுவின் கண் அந்த நகத்தில்தான் நிற்கும்.

"எம்மா, போதும்மா. நான் சம்பாதிக்கேன்ல. நீ வீட்ல இரு."

"சும்மா ஒக்காந்து சோறு திங்க நான் என்ன சீக்குக் கோளியா? வேற வேலை காட்டு, வாரேன். வேலை இல்லாம இருக்கச் சொல்லாத."

இந்தப் பேச்சு அந்த வீட்டில் வாரா வாரம் நடக்கும். எங்கேயாவது ஒரு வெடி ஆபீஸ் வெடித்த வாரம் என்றால் தினமும் நடக்கும். அம்மாவை அந்த வேனிலிருந்து இறக்கிவிட வேண்டும். பானுவுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வந்த மாப்பிள்ளைகளைக்கூட 'அம்மா வேன்லருந்து எறங்கட்டும், பெறகு பாப்போம்' என்றுதான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அச்சாபீசில் பானுவின் தலைவலி சாமி படங்கள். தினசரிக் காலண்டருக்கு முருகனும் லட்சுமியும் பிள்ளையாரும் வருஷா வருஷம் புதிதாகப் பிறக்க மாட்டார்கள். பழைய ஓவியங்களைத்தான் ஸ்கேன் செய்து, கிழிசலைச் சரிசெய்து, கோடு தெளிய வைத்து, பெரிசு பண்ணி, நிறம் பிரித்து அச்சுப் பிளேட்டுக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு படத்தைத் தெளிவாக்குகிற புது முறை வந்த பிறகு, படம் தத்ரூபமாக வந்தது. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு மிஷின் அரை நாள் முக்கி முனகியது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஏஜென்ட்கள் கையில் கொடுத்தாக வேண்டும். அதுதான் இந்த ஊர்ப் பழக்கம். அன்றைக்கு ஆல்பம் இல்லாத கம்பெனியை ஏஜென்ட் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பெரிய சர்வர் ஒன்று வாங்கலாம் என்று பானு கேட்டாள். விலையைக் கேட்டதும் சீனிவாசகம் சுவரிலிருந்த லட்சுமியைப் பார்த்தார். லட்சுமி பதில் சொல்லவில்லை.

மாடியில் காகிதக் கழிவோடு பழைய கம்ப்யூட்டர்கள் கிடந்தன. காயலான் கடைக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவை. பானு அதையெல்லாம் இறக்கித் தூசி தட்டினாள். ஒன்றின் மெமரியை இன்னொன்றில் சொருகி, எல்லாவற்றிலும் லினக்ஸ் ஏற்றி, கேபிள் போட்டு இணைத்தாள். ஒரு மிஷின் தலைமை. படங்களெல்லாம் அதன் டிஸ்க்கில் இருக்கும். அது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து மற்றதுகளுக்குப் பங்கு வைக்கும், முடிந்ததை வாங்கி ஒட்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் கிழடு. சேர்ந்து நின்றால் ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி நகர்ந்தது. அரை நாள் படம் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் வந்து நின்றது.

சீனிவாசகம் வந்து பார்த்தார். "இது எப்படிம்மா?" என்றார்.

"வெடி ஆபீஸ் மாதிரித்தான் முதலாளி. எல்லாத்தையும் ஒரே ரூம்ல வைக்காம சின்னச் சின்ன ரூமா கட்டி, ரூமுக்கு நாலு பேரா பிரிச்சு விடுறாகல்ல, அந்த மாதிரி."

"சரி, ஒரு ரூம் போச்சுன்னா?"

அந்த நேரத்தில் பானு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷிக்கு அது எங்கே தோன்றும்? ஓடிக்கொண்டிருந்த ஒரு மிஷினின் வயரை அவர் கண் முன்னாலேயே வெடுக்கென்று பிடுங்கினாள். அது அணைந்தது. திரையில் ஒரு வினாடி வேலை தடுமாறியது. பிறகு அந்த மிஷினின் பங்கை மற்றவை எடுத்துக்கொண்டன. பாலமுருகன் மயில் மேல் முழுசாக வந்து நின்றார்.

"ஒண்ணு நின்னாலும் வேலை ஓடும் முதலாளி. மத்தது அதோட பங்கையும் சேத்துப் பாத்துக்கும்."

சீனிவாசகம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகனுக்கா மிஷினுக்கா என்று பானுவுக்குத் தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் அன்று செய்தாள். அது புரிய இரண்டு மாதம் ஆனது.

அந்தச் சந்தோஷத்திலேயே கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு பைண்டிங் பிரிவில் ஓர் இடம் வேண்டும், அட்டை ஒட்டுகிற வேலை போதும் என்றாள். சீனிவாசகம் யோசிக்கவே இல்லை. "ஆல்பம் வெளிய போகட்டும். கூட்டியா" என்றார்.

அன்று வீட்டில் சண்முகத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அட்டை ஒட்டுத வேலைக்கு ஃபேன் இருக்குமாத்தா?" என்று கேட்டாள். வெடி ஆபீஸ் ரூமில் கரண்டே கிடையாது, ஃபேனுக்கு எங்கே போக? இருக்கிறது என்றதும், "அப்ப சளி புடிக்குமே" என்று சிரித்தாள். ஆகாது என்று அவள் சொல்லாததே பானுவுக்குப் போதுமாக இருந்தது.

ஆடிப்பெருக்கன்று ஆல்பம் ஜோராக வெளியே வந்தது. ஏஜென்ட்கள் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சீனிவாசகம் பானுவைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சால்வை போர்த்தினார். அம்மா விஷயத்தைக் கேட்டபோது, "ஆர்டர் குவிஞ்சு கெடக்கும்மா. தீபாவளி லேபிளும் சேந்துக்கிருச்சு. இப்பம் புது ஆளை ஒக்கார வச்சுப் பளக்க நேரமில்ல. லேபிள் லோடு போயிரட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு மாதம்தானே என்று இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பில் போடுகிற இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. சீனிவாசகம் பானுவின் அறைக்கு ஆளை அனுப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அவள் ஓடி வந்து கேட்டதற்கு, "ஒண்ணு நின்னாலும் ஓடும்னு நீதான சொன்ன?" என்றார். அவர் சொன்னது சரி, அன்று ஓடவும் ஓடியது. அதற்கடுத்த வாரம் மகள் பிரீத்திகாவுக்கு ஆன்லைன் கோர்ஸ் என்று ஒன்று வீட்டுக்குப் போனது. பிறகு குடோனுக்கு ஒன்று போனது. 'இப்பவும் ஓடுதுல்லா?' என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே கேட்டார். ஓடியது. அதுதான் பானுவின் கஷ்டமே. நின்றிருந்தால் பேசியிருக்கலாம். ஓடுகிற வண்டியைக் காட்டி அச்சு தேய்கிறது என்றால் எந்த முதலாளி நம்புவார்?

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அந்த மிஷின் கூட்டம் சுருங்கியது. மிஷின்கள் குறைந்தபோது வேலை குறையவில்லை, இரட்டித்தது. பூச்சட்டியும் சங்குசக்கரமும் அச்சடித்த வெடிப்பெட்டி லேபிள்கள் ஒரு பக்கம், காலண்டர் பார்ட்டிகளின் பெயர் போட்ட படங்கள் ஒரு பக்கம். மிச்சமிருந்தவை மூச்சு விட நேரமில்லாமல் கொதித்தன. பங்கு வைக்க மட்டும் இருந்த தலைமை மிஷினையும் வேறு வழியில்லாமல் படம் போடுகிற வேலைக்கு இறக்கினாள் பானு. செய்யக்கூடாது என்று தெரியும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்ற நிலைமைக்கு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் பெட்டிகளின் மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை வைத்தாள். சீனிவாசகத்திடம் போய், எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். இதற்கு மேல் ஒன்று நின்றால் அதன் பாரம் அடுத்ததன் தலையில் விழும், அது தாங்காது, வரிசையாகப் படுத்துவிடும் என்று விளக்கினாள்.

"பயப்படாதம்மா. சீசன்ல எல்லாருக்குந்தான் ரெண்டாள் வேலை. நான் பாக்கலையா?" என்றார். உண்மையாகவே அவரும் பார்த்தார். மதியச் சாப்பாட்டையே அச்சு மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. ஒரு மிஷின் சூடு தாங்காமல் அணைந்தது. அதன் பங்கு மற்றவற்றுக்குப் போனது. பத்து நிமிஷம் கழித்து அடுத்தது. அதற்கடுத்தது. கடைசியில் தலைமை மிஷினின் டிஸ்க் கடகடவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. ஸ்கேன் படங்களுக்கு வேறு காப்பி இருந்தது. ஆனால் அந்த வாரம் திருத்தி முடித்த அத்தனையும் போய்விட்டது. அச்சு மிஷின்கள் பிளேட் இல்லாமல் நின்றன. ஒரு வெடி கம்பெனிக்கு லேபிள் நேரத்துக்குப் போகாமல், அவர்கள் ஆர்டரையே வேறு அச்சாபீசுக்கு மாற்றிவிட்டார்கள்.

சீனிவாசகம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"நிக்காதுன்னு சொன்னியேம்மா."

"எடுக்காதீகன்னும் சொன்னேன் முதலாளி."

"நான் எடுத்தப்பல்லாம் ஓடுச்சே."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, கேட்கக்கூடாத நேரத்தில் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். "இந்த நெலமையில புது ஆளா? தீபாவளி போகட்டும், பாப்போம்" என்று எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் என்பது இப்போது தீபாவளி என்று ஆகிவிட்டது. பானுவுக்கு அந்த அறையே பிடிக்காமல் போனது. தன் கையால் கட்டியது தன் வாயாலேயே கெட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருந்தாலும் மறுநாளிலிருந்து புது டிஸ்க் போட்டு அதையே மறுபடி கட்ட உட்கார்ந்தாள். அது எழுந்து நின்றால்தான் அம்மாவுக்கு இடம். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் சண்முகத்தாய் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினாள். பக்கத்துத் தெரு அழகுமீனாவும் அவளும் வெடி ஆபீசில் ஒரே ரூம். அழகுமீனாவின் மகள் ஓவியாவுக்குக் காய்ச்சல், அதனால் அவள் இரண்டு நாளாக வரவில்லை.

"அவ பங்கையும் நாந்தான் செலுத்துறேன். போர்மேன் விட மாட்டேங்கான். லோடு ஏத்தணுமாம்" என்றாள் அம்மா. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "ஒனக்கு எப்படி, மிஷின் எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சிரும்மா."

"எந்திரிக்கட்டும். மெதுவாப் பாரு" என்று வேன் ஏறினாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அச்சாபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிஷின் சத்தத்தில் வெடிச் சத்தம் காதில் விழாது, கண்ணாடிதான் சொல்லும். இந்த ஊரில் கண்ணாடி அதிர்ந்தால் என்ன செய்வார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அச்சு மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லார் கையிலும் செல்போன். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே அவரவர் வீட்டு ஆளைக் கூப்பிட்டார்கள். ஊரே ஒரே நேரத்தில் கூப்பிட்டால் லைன் எங்கே கிடைக்கும்? சிலருக்குக் கிடைத்தது. கிடைத்தவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். பானுவுக்குக் கிடைக்கவில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

சீனிவாசகம்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் "ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றார். வெடி ஆபீஸ் வாசலுக்குப் போக விடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் உள்ளே விடவில்லை. சாயங்காலம் ஒரு துணிப் பொதியைக் காட்டி, முகம் பார்க்க வேண்டாம் என்றார்கள். வற்புறுத்த அவளுக்குத் தெம்பில்லை. பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். அதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. பார்த்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டாள்.

போர்மேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெடி ஆபீஸ் முதலாளி தலைமறைவு என்று பேப்பரில் வந்தது. ஒரு ஆள் செலுத்த வேண்டிய மருந்து இரண்டு மடங்காக அந்த ரூமில் இருந்ததாம், அவசரத்தில் உராய்ந்ததாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி பங்கை மற்றவள் தலையில் ஏற்றுகிற இதே பாடத்தைத்தான் பானு மேஜை மேல் வைத்து, வயரைப் பிடுங்கிக் காட்டி, முதலாளியிடம் பேர் வாங்கியிருந்தாள். மிஷின் என்றால் டிஸ்க் மாற்றலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று, சீனிவாசகம் அவளை பைண்டிங் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு பலகை காலியாக இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

"உங்கம்மாவுக்குச் சொன்ன எடம். நான் வேற யாருக்கும் குடுக்கலை. வாக்குன்னா வாக்குத்தான். ஒங்க ஊர்ல வெடிக்குப் போற யாரையாச்சும் நீயே கூட்டியா. ஒரு உசுராச்சும் அங்கருந்து வரட்டும்."

இதை ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக்கூடாதா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "சரிங்க முதலாளி" என்றாள்.

யாரைக் கூட்டி வருவது என்று யோசிக்கத் தேவையில்லை. சாயங்காலம் நேராக அழகுமீனா வீட்டுக்குப் போனாள். அன்று வராததால் உயிரோடு இருக்கிறவள். அந்தப் பதினாறு நாளும் பானு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால், நீ வந்திருந்தால் எங்கம்மா பிழைத்திருப்பாள் என்று வாய் சொல்லிவிடும் என்ற பயம். அழகுமீனாவும் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போனவள்தான், கிட்டே வரவில்லை. இப்போது பானுவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பானு அழவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அட்டை ஒட்டுகிற வேலை, ஃபேன் உண்டு, கரண்ட் உண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அம்மாவிடம் சொன்ன அதே பேச்சைச் சொல்கிறோம் என்று பாதியில்தான் அவளுக்கு உறைத்தது.

அழகுமீனா கையை விட்டாள். "அது உங்கம்மாவுக்கு வச்ச எடம்தான தாயி?"

"ஆமா சித்தி."

"அங்கன நான் எப்படி ஒக்காருவேன்? அவுக ஒக்கார வேண்டிய பலகையில நான் ஒக்காந்து ஃபேன் காத்து வாங்குனா, ஊரு என்ன சொல்லும்? என் மனசு என்ன சொல்லும்? எங்கையால ஆகாது."

"அப்ப என்ன செய்யப் போறீக?"

அழகுமீனா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமத்தூர்ப் பக்கம் இன்னொரு கம்பெனியில கூப்பிட்டாக. மருந்து செலுத்த கைப்பழக்கம் உள்ள ஆள் செத்துப் போச்சாம், உங்கம்மா மாதிரி வேகமாச் செலுத்த ஆள் வேணுமாம். அந்தச் செத்தவ எடத்துக்கு நான் வாரேன்னு சொல்லிட்டேன். திங்கக்கெளமை வேன் வருது."

அது மட்டும் யார் இடம் சித்தி என்று பானு கேட்டாள். குரல் தெருவுக்கே கேட்டது. ஓவியா கதவுக்குப் பின்னால் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பானு இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், காலில்கூட விழப் போனாள். அழகுமீனா பதறித் தூக்கினாள், ஆனால் சரி என்று சொல்லவில்லை. "நாங்க பளகிட்டோம்த்தா. ஒங்கம்மாவுக்கு நான் பண்ணுன துரோகமே போதும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தெருவில் வெடிக்குப் போகிற மற்ற பெண்களையும் பானு கேட்டுப் பார்த்தாள், செத்தவள் பலகை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். திங்கட்கிழமை அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வேன் வந்தது. அழகுமீனா தூக்குவாளியோடு ஏறினாள். உள்ளே இடமில்லை. ஏற்கெனவே இருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து ஒருவர் மடிமேல் ஒருவராக இடம் விட்டார்கள். டிரைவர் கதவைச் சாத்தினான்.

அச்சாபீசில் சீனிவாசகம் ஆவலாக எழுந்து வந்தார். "ஆள் கூட்டியாந்தியாம்மா?"

"ஒருத்தரும் வர மாட்டேங்காக முதலாளி."

அவரால் அதை நம்ப முடியவில்லை. நல்ல இடமாச்சே, ஏன் வர மாட்டேன் என்கிறார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். பானு தன் அறைக்குப் போனாள். மத்தியானத்துக்குள் அந்தப் பலகையில் பேப்பர் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள்.